டெரி பொக்ஸ் ஓட்டம், ஹை பார்க்: அக்காவின் பெயரோடு நான்கு முறை

பதிவு மேசையில் இருந்த பிள்ளை என்னிடம் காசு கேட்கவில்லை. ஒரு ஸ்டிக்கரையும் கறுப்பு மார்க்கர் பேனையையும் நீட்டினாள். யாருக்காக ஓடுகிறேன் என்று எழுதுவதற்கு அதில் ஓர் இடம் விட்டிருந்தார்கள். 2022 செப்டெம்பரில், ரொறன்ரோவின் ஹை பார்க்கில், பேனையைப் பிடித்தபடி நான் அந்த மேசைக்கு முன்னால் கனநேரம் நின்றேன். பின்னால் வரிசை நின்றது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அக்காவின் பெயரைத் தமிழில் எழுதி, குளிர்ச்சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன்.

புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்கும் இந்த டெரி பொக்ஸ் ஓட்டத்துக்கு அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் போகிறேன். 2025 உடன் நான்கு முறை ஆகிவிட்டது. எங்கள் ஆட்களில் பலர் இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஓட்டம் என்று நினைத்திருக்கிறார்கள். தெரிந்தவர்களோ, எவ்வளவு கட்ட வேண்டும், ஓடத் தெரியாவிட்டால் விடுவார்களா, காசு எங்கே போகிறது என்று என்னைக் கேட்டபடி இருக்கிறார்கள். அதனால் எனக்குத் தெரிந்ததையும் நான் பட்டதையும் ஓர் இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் காசு. நுழைவுக் கட்டணம் கிடையாது. இவ்வளவாவது சேர்த்துக்கொண்டு வர வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. பெயரைப் பதிந்துவிட்டு, ஒரு சதமும் கொடுக்காமல் நடந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். கொடுக்க விரும்பினால் அங்கேயே கொடுக்கலாம், இல்லாவிட்டால் முன்கூட்டியே இணையத்தில் உங்கள் பெயரில் ஒரு பக்கம் திறந்து உறவினருக்கும் வேலையிடத்து ஆட்களுக்கும் அனுப்பலாம். இணையத்தில் கொடுத்தவர்களுக்கு வரிப் பற்றுச்சீட்டு மின்னஞ்சலில் வரும். அந்த வருடத்து டீ-சேர்ட் வேண்டுமென்றால் தனியாக வாங்க வேண்டும். வாங்காமல் வருபவர்கள்தான் அதிகம். பத்து வருடத்துக்கு முந்திய, கழுவிக் கழுவி எழுத்து மங்கிப்போன சேர்ட்டோடு வருபவர்களைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

பதக்கம் கிடையாது. நேரம் அளக்கும் சிப் கிடையாது. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று ஒன்றுமே கிடையாது. பாதையோரத்தில் வங்கியின் பதாகையோ கைத்தொலைபேசிக் கம்பனியின் கூடாரமோ நிற்காது. மரதன் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுத்து, தன் நேரம் எவ்வளவு குறைந்தது என்று பார்க்க விரும்புபவருக்கு இது சரிவராது. அதற்கு ரொறன்ரோவில் வேறு நல்ல ஓட்டங்கள் இருக்கின்றன.

அப்படி ஒன்றுக்கும் போயிருக்கிறேன். பெயர் வேண்டாம். அதுவும் ஒரு நோயின் பெயரால், நல்ல காரியத்துக்காக நடத்தியதுதான். 65 டொலர் கட்டினேன். பை நிறையச் சாமான் தந்தார்கள்: தண்ணீர்ப் போத்தல், கறுப்புக் கண்ணாடி, கூப்பன் தாள்கள், நான் ஒருநாளும் போடாத ஒரு சேர்ட். எனக்கு முழங்கால் நோவு, மெதுவாகத்தான் நடப்பேன். நான் முடிவிடத்துக்கு வந்தபோது வளைவைக் காற்றிறக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் முடிந்துவிட்டது. ஒரு தம்பி ஓடி வந்து என் கையில் பதக்கத்தைத் தந்துவிட்டு, மேசையை மடிக்கப் போய்விட்டான். அன்று இரவு அந்தப் பதக்கத்தை அக்காவின் படத்துக்கு முன்னால் வைக்க நினைத்தேன். மனம் வரவில்லை. அக்காவைப் பற்றி அங்கே ஒருவரும் என்னிடம் கேட்கவே இல்லையே.

டெரி பொக்ஸ் ஓட்டம் ஏன் இப்படிக் கட்டணமும் போட்டியும் இல்லாமல் இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை எனக்குச் சொன்னவரே அக்காதான்.

அக்கா 1988இல் கனடா வந்தவர். பகலில் தொழிற்சாலை, இரவில் ஆங்கில வகுப்பு. அந்த வகுப்பில் வாசிக்கத் தந்த பாடங்களில் டெரி பொக்ஸின் கதையும் ஒன்று. நான் 1999இல் வந்தேன். 2005இல் என் மகள் முதலாம் வகுப்பில் இருந்தாள். ஒருநாள் பள்ளியால் வந்து, "டெரிக்கு டூனி வேணும்" என்றாள். இங்கே 2 டொலர் குற்றியை டூனி என்பார்கள். வகுப்பில் டெரி என்றொரு பிள்ளைக்கு வருத்தமாக்கும் என்று நினைத்து 5 டொலர் தாளாகவே கொடுத்து அனுப்பினேன். பின்னேரம் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

"அவன் ஒரு பெடியன். 18 வயசில வலது கால் எலும்பில கான்சர். முழங்காலுக்கு மேல வெட்டிப்போட்டாங்கள். மூண்டு வருசத்தால, பொய்க் காலோட கனடா முழுக்க ஓட வெளிக்கிட்டவன். எங்கட ஊரில ஜெய்ப்பூர் கால் போட்டவையைப் பாத்திருக்கிறாய்தானே, பின்னேரம் கழட்டி வைக்கேக்க அந்த இடம் எப்பிடி இருக்கும்? அதோட ஒரு நாளைக்கு 42 கிலோமீற்றர்."

எங்கள் இருவருக்கும் அது வெறும் பாடக் கதை இல்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையிலேயே கண்ணிவெடியில் காலைக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். கடைக்கும் கோயிலுக்கும் அந்தக் காலோடு நடந்துவருவார். வந்ததும் திண்ணையில் இருந்து வாரைத் தளர்த்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். டெரி நல்ல காலில் இரண்டு எட்டும் செயற்கைக் காலில் ஓர் எட்டுமாகத் துள்ளித் துள்ளி ஓடும் பழைய படச்சுருளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வரும்.

1980 ஏப்ரல் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜோன்ஸில் அத்திலாந்திக் கடல் தண்ணீரில் செயற்கைக் காலை நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினார் டெரி. சிநேகிதன் டக் ஆல்வர்ட் வானை ஓட்டிக்கொண்டு கூடவே போனார். முதல் வாரங்களில் திரும்பிப் பார்த்தவர்கள் குறைவு. ஜூலையில் ரொறன்ரோ வந்தபோது நகரசபைச் சதுக்கத்தில் பத்தாயிரம் பேர் கூடினார்கள். எங்கள் ஸ்காபரோ நகர மண்டபத்துக்கும் வந்து பேசியிருக்கிறார். நான் புத்தகம் எடுக்கும் நூலகம் இப்போது அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 143 நாள், 5,373 கிலோமீற்றர். செப்டெம்பர் 1 அன்று தண்டர் பே நகரத்துக்கு வெளியே மூச்சு முட்டி நின்றார். நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. கனடியர் ஒவ்வொருவரும் ஒரு டொலர் தர வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. 1981 பெப்ரவரிக்குள் 2 கோடி 40 இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது, அன்றைய சனத்தொகைக்கு ஆளுக்கொரு டொலர். அதை அவர் உயிரோடு இருந்து பார்த்தார். ஜூன் 28 அன்று போய்விட்டார். 23 வயதுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவர் பெயரில் வருடா வருடம் ஓட்டம் நடத்துவோம் என்று தந்தி அனுப்பியவர் ஃபோர் சீசன்ஸ் ஹோட்டல்களை நிறுவிய இசடோர் ஷார்ப். பெரிய பணக்காரர் ஏதோ தர்மம் செய்தார் என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன். பிறகு வாசித்தபோதுதான் தெரிந்தது, ஷார்ப்பின் மகன் கிறிஸ் 1978இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் இறந்திருக்கிறான். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பன், இன்னொருவரின் பிள்ளைக்காக எழுதிய தந்தி அது. முதல் ஓட்டம் 1981 செப்டெம்பர் 13 அன்று நடந்தது. 760க்கு மேற்பட்ட இடங்களில் 3 இலட்சம் பேர் வந்தார்கள், 35 இலட்சம் டொலர் சேர்ந்தது. இன்றுவரை சேர்ந்தது 80 கோடி டொலருக்கும் மேல்.

டெரி தன் ஓட்டத்தைக் காட்டி எந்தக் கம்பனியும் சம்பாதிக்க விடவில்லை. அவர் போன பிறகு தாய் பெட்டி பொக்ஸ், 2011இல் தான் இறக்கும்வரை, இந்த ஓட்டம் அந்தப் பாதையை விட்டு விலகாமல் பார்த்துக்கொண்டார். இந்தத் தாயைப் பற்றிப் பிறகு இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்காவுக்குப் புற்றுநோய் வந்தது சூலகத்தில். 2018இன் தொடக்கத்தில் வயிறு ஊதுகிறது, இரண்டு வாய் சாப்பிட்டாலே நிரம்பிவிடுகிறது என்றார். வாய்வு என்று ஓமத்தண்ணீர் குடித்தார். ஒரு வைத்தியர் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஆறு கிழமை பார்ப்போம் என்றார். ஆறு கிழமை ஐந்து மாதம் ஆனது. மார்பகத்துக்கு மமோகிராம் இருப்பதுபோல, நோய்க்குறி இல்லாத பெண்களுக்குச் சூலகப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க நம்பத்தகுந்த ஒரு பரிசோதனை இன்னும் இல்லை. அதனால்தான் பலருக்குப் பிந்தியே தெரியவருகிறது. வாசிக்கும் பெண்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: வயிற்று வீக்கமும், கொஞ்சம் சாப்பிட்டதும் நிரம்பும் உணர்வும், அடிக்கடி சலம் போவதும் புதிதாகத் தொடங்கி இரண்டு மூன்று கிழமைக்கு மேல் நின்றால், வாய்வு என்று விட்டுவிடாதீர்கள். வைத்தியரிடம் சூலகத்தைப் பற்றி வாய்விட்டுக் கேளுங்கள்.

அந்த மூன்று வருடமும் நாங்கள் அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. "அக்காவுக்குக் கொஞ்சம் ஏலாது" என்போம். ஊரில் இருக்கும் சித்திக்கு "வயித்தில ஒரு சின்னக் கட்டி" என்றோம். தலைமயிர் கொட்டியபோது கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். எங்கள் வீடுகளில் இது "அந்த வருத்தம்"தான். அதற்கு வேறு பெயர் கிடையாது.

2021 மே மாதம் அக்கா போனார். கொரோனாக் கட்டுப்பாட்டால் செத்தவீட்டுக்குப் பத்துப் பேருக்கு மேல் போகக்கூடாது. யார் அந்தப் பத்துப் பேர் என்று பெயர் எழுதி, வெட்டி, திரும்ப எழுதினோம். 33 வருடம் இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு முதல் வேலை எடுத்துக் கொடுத்தவர், வீடு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தவர், பிள்ளைப்பேற்றுக்குக் காயச்சரக்கு அரைத்துக் கொண்டுபோனவர். அவர்கள் எல்லோரும் சூமில் பார்த்தார்கள். 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் 200 பிரதி அச்சடித்தோம். 160 பிரதி இன்னும் என் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் இருக்கிறது. கொடுக்க ஆட்கள் வரவில்லை.

இந்த நிலையில்தான் 2022இல் போனேன். 2020இலும் 2021இலும் பெருந்தொற்றால் அவரவர் தனித்தனியே ஓடியிருந்தார்கள். எல்லோரும் மறுபடி நேரில் கூடிய முதல் வருடம் அது. ஸ்டிக்கரோடு நடக்கத் தொடங்கிக் கொஞ்ச தூரத்தில் ஒரு வெள்ளைக்கார மனிதர் என் வேகத்துக்கு வந்து சேர்ந்தார். 70 வயது இருக்கும். சிவப்புச் சேர்ட் போட்டிருந்தார். புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும் சிகிச்சையில் இருப்பவர்களும்தான் இந்த ஓட்டத்தில் சிவப்பு அணிவார்கள். அவர்களை டெரியின் அணி என்று அழைப்பார்கள். அழகான எழுத்து, என்ன மொழி என்று கேட்டார். தமிழ் என்றேன். யார் என்றார். அக்கா என்றேன். என்ன புற்றுநோய் என்று கேட்டார், சாதாரணமாக, எந்த ஊர் என்று கேட்பதுபோல. நான் சொன்னேன். ஒரு வெளி ஆளிடம் அந்தச் சொல்லை என் வாயால் சொன்னது அன்றுதான் முதல் தடவை. அவர் தலையசைத்துவிட்டு, "எனக்குக் குடலில், 2011இல்" என்றார். அப்புறம் அக்கா எப்படிப்பட்டவர் என்று கேட்டார். மிச்சத் தூரம் முழுக்க நான்தான் கதைத்தேன். செத்தவீட்டில் சொல்ல வேண்டியிருந்ததை எல்லாம் அங்கே சொன்னேன்.

சரி, போகிற வழி. ஓட்டம் செப்டெம்பரில், தொழிலாளர் தினத்துக்குப் பிறகு வரும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. கனடாவில் தொழிலாளர் தினம் செப்டெம்பர் முதல் திங்கட்கிழமை. கனடா முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் ஒரே நாளில் நடக்கும், உங்கள் வீட்டுக்கு அருகிலும் ஓர் இடம் இருக்கலாம். நான் ஹை பார்க்குக்குப் போவதற்குக் காரணம், கெனடி நிலையத்தில் ஏறினால் மாறாமல் ஹை பார்க் நிலையத்தில் இறங்கலாம் என்பதுதான். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஞாயிறுகளில் சுரங்க ரயில் காலை எட்டு மணி அளவில்தான் ஓடத் தொடங்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு முறை பிந்திப் போயிருக்கிறேன், சேர்த்துக்கொண்டார்கள். வார இறுதியில் பூங்காவுக்குள் கார் விடுவதில்லை. முதியவர்களைக் கூட்டிக்கொண்டு காரில் போகிறவர்கள் வெளி வீதியில் நிறுத்திவிட்டு நடக்க ஆயத்தமாகப் போங்கள்.

பாதை தார் போட்டதுதான், ஆனால் சமதரை இல்லை. ஹை பார்க் மேடு பள்ளமான பூங்கா. இறக்கம் சுகமாக இருக்கும், திரும்பி வரும் ஏற்றத்தில் முழங்கால் கணக்குக் கேட்கும். ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியில் போகலாம், குழந்தை வண்டி தள்ளலாம், நாயையும் கூட்டி வரலாம். நான் ஐந்து கிலோமீற்றர் நடப்பேன், ஒரு வருடம் பாதியில் திரும்பினேன், அதையும் ஒருவரும் கேட்கவில்லை. செப்டெம்பர் நடுப்பகுதிக் காலை குளிரும், பத்து மணிக்கு மேல் வெயில் ஏறும். கழற்றக்கூடிய சட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள். நான் சுடுதண்ணீர்ப் போத்தலில் தேத்தண்ணீரும், சுற்றி எடுத்த இரண்டு ரொட்டியும் கொண்டுபோவேன். சப்பாத்து பழகியதாக இருக்கட்டும்.

முடிந்த பிறகு நேரம் இருந்தால் பூங்காவின் தெற்குப் பக்கம் இறங்கி கோல்போர்ன் லொட்ஜ் என்ற பழைய வீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். இந்தப் பூங்கா நிலத்தை நகரத்துக்குக் கொடுத்த ஜோன் ஹவார்ட் என்ற கட்டடக் கலைஞரின் வீடு அது. அவருடைய மனைவி ஜெமிமா 1877இல் அந்த வீட்டில்தான் மார்பகப் புற்றுநோயில் இறந்தார். வீட்டுக்கு எதிர்ப்புறம் இருவரின் கல்லறையும் இருக்கிறது. அதைச் சுற்றிய இரும்பு வேலி இலண்டன் சென். போல்ஸ் தேவாலயத்திலிருந்து கப்பலில் வந்தது. நான் போகும் ஒவ்வொரு முறையும் அந்த வேலிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். அந்தக் காலத்தில் நோவுக்குக் கொடுக்க அவர்களிடம் என்ன இருந்திருக்கும் என்று யோசிப்பேன்.

காசு எங்கே போகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். இது ஆராய்ச்சிக்குப் போகிறது. நோயாளியின் வாடகைக்கோ ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவுக்கோ போவதில்லை. எங்கள் அத்தானுக்கு, அக்காவின் கணவருக்கு, இதுதான் பெரிய குறை. "ஊரில கஷ்டப்படுகிற ஒரு நோயாளிக்கு நேர அனுப்பினால் கண்ணால காணலாம். இது கிணத்துக்குள்ள போடுற காசு" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாங்கள் ஊருக்கும் அனுப்புகிறோம், அதை நிறுத்தச் சொல்லவில்லை.

ஆனால் டெரி ஏன் ஆராய்ச்சியைப் பிடித்துக்கொண்டார் என்பதைக் கேளுங்கள். 1977இல் அவருக்கு நோய் தெரிந்தபோது பிழைக்க 50 வீதம் வாய்ப்பு இருக்கிறது என்றார்கள். இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் 15 வீதம்தான் என்றும் சொன்னார்கள். அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருந்தது யாரோ ஆய்வுகூடத்தில் செய்த வேலை. அக்காவின் மகன், என் பெறாமகன், தாதியாக வேலை செய்கிறான். அவன்தான் அத்தானுக்கு இதை வேறு விதமாகச் சொன்னான். அக்காவுக்கு ஏற்றிய கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்து, அதற்கு முந்திய சிஸ்பிளாட்டின் என்ற மருந்தின் வழியில் வந்தது. சிஸ்பிளாட்டினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1978இல்தான், டெரி கால் இழந்ததற்கு அடுத்த வருடம். "அப்பா, அந்த மருந்து இல்லாட்டி அம்மா என்ர கலியாணத்தைப் பாத்திருக்க மாட்டா" என்றான். கலியாணம் 2019 ஓகஸ்டில் நடந்தது. தலையில் துணி கட்டி, அதற்கு மேல் பூ வைத்துக்கொண்டு அக்கா முன்வரிசையில் இருந்தார்.

அத்தான் அதற்குப் பிறகும் வரவில்லை. செத்த ஆளுக்குத் திவசம் கொடுக்கிறோம், அன்னதானம் கொடுக்கிறோம், பாட்டுப் போட்டுக்கொண்டு பூங்காவில் நடப்பது என்ன முறை என்று கேட்டார். உண்மையில் அங்கே பாட்டுப் போடுவார்கள், சின்னப் பிள்ளைகள் முகத்தில் வர்ணம் பூசிக்கொண்டு ஓடுவார்கள். முதல் முறை எனக்கும் அது நெஞ்சில் இடித்தது. துக்கம் உள்ளவர் ஒருவரைக் கூட்டிப் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தொடக்கத்தில் உள்ள சத்தம் அரைக் கிலோமீற்றருக்குள் பின்னால் போய்விடும். பிறகு ஓக் மரங்களும், ஆட்களின் காலடியும், முன்னால் நடப்பவரின் முதுகில் எழுதிய பெயரும்தான். "அப்பா." "நானா." "என் டீச்சர்." ஒரு சின்னப் பெடியன் "என் நாய்க்கும்" என்று இரண்டாவது வரியில் எழுதியிருந்தான்.

2024இல் அம்மா வந்தார். 82 வயது, சக்கர நாற்காலி. பெறாமகன் தள்ளினான். அக்கா போன நாளிலிருந்து அம்மா அவர் பெயரைச் சொன்னதில்லை, "பெரியவள்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். போகும் வழியில் டெரியின் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். கால் வெட்டினதையும் ஓடினதையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அவன்ர தாய் என்ன செய்தவ?"

பெட்டி பொக்ஸைப் பற்றிச் சொன்னேன். மகன் போன பிறகு முப்பது வருடம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு அவன் கதையைச் சொன்னார் என்றேன். அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "முப்பது வருசம் சொன்னவவோ" என்றார். பதிவு மேசையில் எனக்கு ஸ்டிக்கர் தந்தபோது அம்மா கையை நீட்டினார். "என்ர பிள்ளையின்ர பேரை நான்தான் எழுதவேணும்." கை நடுங்கியது. முதல் எழுத்தைப் பெரிதாக எழுதிவிட்டார், மிச்ச எழுத்துக்கு இடம் போதவில்லை. மேசையில் நின்ற பெண் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு ஸ்டிக்கரை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் சேர்த்து அம்மாவின் சால்வையில் ஒட்டினோம். அன்று வீட்டுக்கு வரும்வரை அம்மா அக்காவின் பெயரைப் பதினைந்து முறையாவது சொல்லியிருப்பார்.

ஸ்டிக்கர் ஒட்டிய சால்வையோடு அம்மாவை அன்று எடுத்த படத்தைப் பார்த்த பிறகுதான் அத்தான் 2025இல் வருகிறேன் என்றார். வேட்டி சால்வையோடு வர நினைத்தார், குளிர் என்று மகன் தடுத்துவிட்டான். கைப்பை ஒன்று கொண்டுவந்தார். அதற்குள் அக்காவின் கல்வெட்டு, இருபது பிரதி. யாரும் கேட்டால் கொடுக்கலாம் என்றார். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் அங்கே யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன், சொல்லவில்லை. நடந்து முடியும்போது ஒன்பது பிரதி போயிருந்தது. எழுத்து விளங்காதவர்களும் அட்டையில் இருந்த அக்காவின் படத்தைப் பார்த்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். முதல் வருடம் நான் தனியே சேர்த்தது 340 டொலர். இந்த வருடம் குடும்பமாகச் சேர்த்தது 1,180. அதில் 200 அத்தானுடையது.

எங்கள் ஆட்களை அங்கே இன்னும் அதிகம் காணவில்லை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் "அந்த வருத்தம்" வராத தமிழ் வீடு எத்தனை இருக்கும்? வாருங்கள். ஓட வேண்டாம், காசு வேண்டாம், ஆங்கிலமும் அவ்வளவாகத் தேவையில்லை. ஒரு பெயர் போதும்.

இந்த வருடம் திரும்பி வரும்போது அத்தானும் மகனும் அம்மாவோடு காரில் போய்விட்டார்கள். நான் வழமைபோல் ரயிலில் வந்தேன். ஸ்டிக்கரைக் கழற்ற மறந்துவிட்டேன். பேப் நிலையத்தில் ஏறி எதிரே இருந்த ஓர் அம்மா, மரக்கறிப் பையோடு, என் சட்டையையே பார்த்தபடி இருந்தார். எங்கள் ஊர்ப் பக்கம்தான், முகத்தில் தெரிந்தது. இரண்டு நிலையம் கழித்து, "ஆர் பிள்ளை அது?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, தன் கணவருக்கு நாளைக்கு மூன்றாவது கீமோ என்றார். பிள்ளைகளுக்குத் தெரியும், வேறு ஒருவருக்கும் இன்னும் சொல்லவில்லை என்றார். இது எங்கே நடக்கிறது, என்றைக்கு என்று கேட்டார். செப்டெம்பர், தொழிலாளர் தினம் கழிந்து இரண்டாவது ஞாயிறு என்றேன். கைத்தொலைபேசியை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அதைக் குறித்துக்கொண்டு, வார்டன் நிலையத்தில் இறங்கிப் போனார்.